மழைநீரும் மண்ணுரிமையும்

1

ஒரு பிரதேசத்தின் வரலாற்றை அரசர்களின் பட்டயங்களிலும் ஆட்சியாளரின் அறிக்கைகளிலும் தேடுவது நம்மிடையே வேரூன்றிவிட்ட வழக்கம். மலைநாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் அவற்றோடு இன்னுமொரு சாசனத்தையும் படித்தல் வேண்டும். மழை பெய்து ஓய்ந்தபின் சரிவுகளில் இறங்கிவரும் நீரின் நிறமே அந்தச் சாசனம். காட்டினுள்ளிருந்து வரும் ஓடை தெளிந்திருக்கிறது. பலாவும் கமுகும் செறிந்த கிராமத்து வீட்டுத்தோட்டத்தின் ஓரமாக வழியும் நீரும் பெரிதும் கலங்குவதில்லை. ஆனால் அதே மலையில், அதே மழையில், கவனிப்பாரற்றுக் கிடக்கும் பழந்தேயிலைச் சரிவிலிருந்தும் லயங்களின் பின்புறத்திலிருந்தும் வரும் நீர் செம்மண் குழம்பாக ஓடுகிறது. ஒரே வானத்திலிருந்து விழுந்த மழைக்கு இத்தனை நிறங்கள் வந்தது எவ்வாறு?

இயற்கையின் சீற்றம் என்று சொல்லிவிட்டு அமைதியடைவோர் உளர். மக்களின் அறியாமை என்று சொல்லிக் கடமையை முடித்துக்கொள்வோரும் உளர். நிலம் யாருடையது, அதில் யார் எத்தனை காலம் நிலைத்து வாழலாம் என்பதைத் தீர்மானித்த சட்டங்களே மழைநீர் செல்லும் பாதையையும் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்து. இதற்குச் சான்றாக ஊவா மாகாணத்தின் எல்லப் பிரதேசத்தையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் எடுத்துக்கொள்கிறோம்.

பண்டாரவளைக்கும் வெல்லவாயாவுக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது எல்ல. அச்சிங்களச் சொல்லுக்கு அருவி என்பது பொருள். ஊருக்குத் தெற்கே மலைத்தொடர் பிளந்து பெருங் கணவாயாகிறது. அக்கணவாய் வழியே இறங்கும் நீர் கிரிந்தி ஓயாவாகித் தென்கடலைச் சேர்கிறது. வடக்கே பதுளைப் பக்கம் வடியும் நீர் பதுளு ஓயாவின் வழியாக மகாவலியில் கலக்கிறது. ஆகவே இங்கு ஒரு சரிவில் நிகழும் தவறு, அச்சரிவில் வாழ்வோரை மட்டும் பாதிப்பதன்று. கீழே நெடுந்தொலைவில் வயலும் குளமும் வைத்திருக்கும் உழவனையும் சென்றடைகிறது.

இப்பிரதேசத்தின் மழைக்கும் ஒரு தனிப் போக்குண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தன் நீரைச் சொரிந்துவிட்டு, ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை ஊவாவின் மீது வறண்ட காற்றாகவே வீசுகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் புகழ் தேடித்தந்த நறுமணம் இவ்வறட்சியின் கொடை. ஒக்டோபரில் நிலைமை மாறுகிறது. முதலில் பிற்பகல் இடிமழை, பின்னர் வடகீழ்ப் பருவமழை. மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்த மண்மீது பெருமழை திடீரென விழுகிறது. அந்த மண் மூடப்பட்டிருந்ததா, வெறுமையாகக் கிடந்ததா என்பதே அதன்பின் நிகழ்வன யாவற்றையும் முடிவு செய்கிறது.

2

தோட்டங்கள் தோன்றுமுன் ஊவாவின் கிராமங்கள் நீரை எவ்வாறு கையாண்டன என்பதை முதலில் நோக்குவோம். பள்ளத்தாக்கின் அடியில் படிப்படியாக வெட்டப்பட்ட நெல்வயல்கள், வயலுக்கு மேலே வீடுகளும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களும், அதற்கும் மேலே சேனைப் பயிர்நிலமும் கால்நடை மேயும் பத்தனைப் புல்வெளியும், உச்சியில் காடு. காடு மழையை உள்வாங்கி ஊற்றாக விடுத்தது. வீட்டுத்தோட்டம் ஓடிவந்த நீரைத் தணித்து மண்ணைப் பிடித்துக்கொண்டது. எஞ்சிய நீரை வயல் ஏற்றுக்கொண்டது.

இவ்வமைப்பில் வீட்டுத்தோட்டத்தின் பங்கு தனியே ஆராயத்தக்கது. கண்டி, ஊவாப் பகுதிகளின் பழைய வீட்டுத்தோட்டம் வரிசை பிடித்து நடப்பட்ட தோட்டமன்று. மேலே பலாவும் கித்துளும், அவற்றினூடே நெடிதுயர்ந்த கமுகு, இடைத்தட்டில் வாழையும் பழமரங்களும், மரங்களைப் பற்றி ஏறிய மிளகுக்கொடி, நிழலில் கோப்பி, அடியில் இஞ்சியும் மஞ்சளும் கிழங்குவகைகளும் என அடுக்கடுக்காக அமைந்தது அது. உயரத்திலிருந்து வேகமாக வரும் மழைத்துளி முதல் தட்டிலேயே உடைபடுகிறது. இலையிலிருந்து இலைக்கு இறங்கி, அடிமரத்தின் வழியாக வழிந்து, தரையை அடையும்போது அது தன் வேகத்தை இழந்துவிடுகிறது. தரையில் மக்கிய சருகு மெத்தைபோல் கிடக்கிறது. நீர் அதில் ஊறி, வேர்களும் மண்புழுக்களும் திறந்துவைத்த துவாரங்களின் வழியே மெல்ல உள்ளிறங்குகிறது. கிணற்றடி நீரும் சமையற்கட்டுக் கழிவுநீரும் சேருமிடத்தில் வாழை வைக்கப்படுகிறது. சரிவின் குறுக்கே கற்கள் அடுக்கப்படுகின்றன. அக்கற்களின் பின்னால் ஆண்டுதோறும் மண் சேர்ந்து சிறு மேடையாகிறது. இவற்றை யாரும் நூலிற் கற்றுச் செய்யவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தில் வாழ்ந்தோரின் அநுபவம் அவ்வாறு வடிவெடுத்தது.

இதனைக் கூறுமிடத்துப் பழைமையைப் பொற்காலமாக்கும் மயக்கத்துக்கு நாம் ஆளாதல் கூடாது. நிலம் வைத்திருந்தவன் அரசனுக்கும் பிரபுவுக்கும் விகாரைக்கும் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் செய்தான். எந்த ஊழியம் யாருக்குரியது என்பதைச் சாதி வகுத்தது. நீரைக் காத்த சமுதாயம் மனிதனைச் சமமாக நடத்தியதெனச் சொல்ல முடியாது. ஆயினும் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. தோட்டத்தில் பலாக்கன்று நட்டவன், அதன் பழத்தைத் தன் மக்கள் உண்பர் என்ற நம்பிக்கையுடன் நட்டான். அந்த நம்பிக்கையே மண்ணைப் பிடித்து நிறுத்திய முதல் வேர்.

அவ்வேரின் மீது முதற் பேரடி 1818ஆம் ஆண்டில் விழுந்தது. 1817இல் ஊவா, வெல்லஸ்ஸைப் பகுதிகளில் மூண்ட கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியப் படை, கிராமங்களைத் தீக்கிரையாக்கியது. வயல்களையும் நீர்ப்பாசன வேலைகளையும் அழித்தது. பலா முதலிய பயன்தரு மரங்களை வெட்டி வீழ்த்தியது. பகைவனின் வீட்டுத்தோட்டத்தை வெட்டினால் அவனது பட்டினிக்கு வழி திறக்கும் என்பதைப் படைத்தலைவர்கள் நன்கு அறிந்திருந்தனர். பின்னாளில் அந்நிலம் தோட்டப் பயிருக்குத் திறந்துவிடப்பட்டபோது, எதிர்த்து நிற்கும் வலிமை ஊவாக் கிராமங்களுக்கு இல்லாதொழிந்ததில் வியப்பில்லை.

3

படையால் தொடங்கியதைச் சட்டம் தொடர்ந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலங்கள் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியனவே எனக் கொண்டது. சேனை நிலங்களுக்கும் பட்டயமோ வரி செலுத்திய சான்றோ காட்ட வேண்டியதாயிற்று. வழக்காற்றால் நிலத்தை ஆண்டுவந்த உழவனிடம் காகிதம் ஏது? அவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட மலைகள் ஏக்கர் 5 சிலிங் வீதம் விற்கப்பட்டன. 1844இல் அவ்விலை 20 சிலிங் ஆயிற்று. வாங்கியவர்களுள் குடியேற்ற ஆட்சியின் உயர் அதிகாரிகளும் இருந்தனர் என்பது வரலாற்று மாணவர் அறிந்ததே.

கோப்பிக்காகக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. சாம்பல் படிந்த வளமான மேல்மண்ணில் முதல் ஆண்டுகளின் விளைச்சல் செழித்தது. அதே மண் மழையில் கரைந்தபோது எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஏனெனில் வளமிழந்த சரிவை விட்டு அடுத்த காட்டுக்குச் செல்லலாம் என்ற எண்ணம் துரைமாரிடம் இருந்தது. சரிவுநிலத்தில் ஒரு புல்லும் முளைக்காதபடி துப்புரவாகக் களை நீக்குவதே சிறந்த நிர்வாகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. களை நீக்கும் கருவிக்குத் தோட்டத்து மக்கள் வைத்த பெயர் ‘சுரண்டி’. மண்ணையும் மனிதனையும் ஒருங்கே குறிக்கும் பெயரொன்றை அவர்கள் அறிந்தோ அறியாமலோ வழங்கிவிட்டனர்.

1869ஆம் ஆண்டில் பதுளை மாவட்டத்தின் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. அந்தத் துருநோய் இருபது ஆண்டுகளுக்குள் ஒரு முழுப் பயிர்த்தொழிலையும் வீழ்த்தியது. ஒரே பயிரை மலை மலையாக நட்டதன் விளைவு அது. 1873இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர், உயர்மலைக் காடுகளைக் காக்காவிடின் நீரும் மண்ணும் கெடும் என எச்சரித்ததை அடுத்து, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. உச்சிக்காடு ஓரளவு தப்பியது. அதற்குக் கீழே இருந்தவற்றுக்கு அத்தகைய காவல் கிடைக்கவில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, கோப்பி விட்டுச்சென்ற சரிவுகளையும் புதிய சரிவுகளையும் மூடிக்கொண்டது.

கோப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் மழைநீரைப் பார்த்த பார்வையைத் தோட்டத்துக் கான்களிற் காணலாம். தென்னிந்தியாவின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட நம் முன்னோர், தம் ஊரில் ஏரிக்கும் கண்மாய்க்கும் நீரைச் சேர்த்துப் பழகியவர்கள். ஒரு துளி நீரும் வீணாகாதபடி மறித்து நிறுத்துவதே அவர்கள் கற்ற கலை. இங்கோ அவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, நீரை எவ்வளவு விரைவில் தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் தள்ளலாமோ அவ்வளவு விரைவில் தள்ளும் கான்களை வெட்டச் சொன்னது நிர்வாகம். எல்லைக்கு அப்பால் இருந்தது சிங்கள உழவனின் வயல். தமிழ்த் தொழிலாளியின் உழைப்பால் வெட்டப்பட்ட கான் வழியாகச் சென்ற மண், சிங்கள உழவனின் வயலிலும் வாய்க்காலிலும் படிந்தது. இரு மக்களுக்குமிடையே பகைமூட்டிய பேச்சுக்கள் பிற்காலத்தில் எத்தனையோ எழுந்தன. அவற்றுள் எதுவும் இந்தக் கானை வெட்டச் சொன்னவன் யார் என்று கேட்டதில்லை.

மண்ணரிப்பின் நட்டம் தோட்ட வருமானத்தையே தொடத் தொடங்கியபின் ஆட்சியாளர் விழித்துக்கொண்டனர். தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் நிறுவப்பட்டது. மண்ணரிப்புப் பற்றிய குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. அமெரிக்கச் சமவெளிகளில் புழுதிப்புயல் எழுந்து, அந்நாடு 1935இல் மண்காப்புக்கெனத் தனிச் சேவையை அமைத்ததும் அக்காலத்திலேயே. மண் என்பது தீர்ந்துபோகும் பொருள் என்பதை முதலாளித்துவ உலகம் இழப்பின் மூலமே கற்றது. சுதந்திர இலங்கை 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண்காப்புச் சட்டத்தை இயற்றியது.

தோட்டங்களில் செய்யப்பட்ட நற்பணிகளை மறைத்தல் நேர்மையாகாது. சமவுயரக் கோட்டைப் பின்பற்றி வெட்டிய கான்கள், கானுக்குள் இடையிடையே சிறு வரம்பு விட்டு நீரைத் தேக்கி மண்ணைப் படியவைத்துப் பின் வழியவிடும் முறை, கற்கட்டு, சரிவின் குறுக்கே வரிசை நடுகை, பழந்தேயிலை பிடுங்கிய நிலத்தில் மானாப் புல்லும் கௌதமாலாப் புல்லும் வளர்த்து மண்ணை ஆற்றுதல் ஆகிய யாவும் அறிவியலின் துணையோடு வளர்ந்த நல்ல முறைகள். அவற்றின் பயனை அளவுகளே பேசும். மலைநாட்டின் மத்திய ஈரவலயத்தில் எடுக்கப்பட்ட கணிப்புகளின்படி, காப்பு வேலை ஏதுமில்லாத பழைய விதைத்தேயிலை நிலம் ஆண்டுக்கு ஹெக்டேயருக்கு 40 தொன் மண்ணை இழக்கிறது. நன்கு பேணப்படும் பதியத் தேயிலை 0.24 தொன்னை மட்டுமே இழக்கிறது. பல மரங்கள் கலந்த வீட்டுத்தோட்டத்தின் இழப்போ 0.05 தொன்.

நாற்பதுக்கும் இருபதில் ஒன்றுக்கும் இடையே எண்ணூறு மடங்கு வித்தியாசம். நாற்பது தொன் என்பது ஒரு ஹெக்டேயரின் மேல் ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் கனம். முப்பது ஆண்டுகளில் அது பத்துச் சென்ரிமீற்றரை நெருங்கிவிடும். பயிரை வாழவைக்கும் மேல்மண்ணில் அதற்குமேல் மிச்சமிருப்பது சொற்பமே. இவ்வளவைகள் ஈரவலயத்தில் எடுக்கப்பட்டவை என்பதையும், ஊவா இடைவலயத்தைச் சேர்ந்தது என்பதையும் நாம் மறக்கவில்லை. எனினும், நீண்ட வறட்சிக்குப்பின் கடுமழையைச் சந்திக்கும் சரிவில் வெறுமையான மண் இதனினும் நலமாயிருக்கும் என எண்ண இடமில்லை.

4

மண்ணைக் காப்பதில் வீட்டுத்தோட்டம் இத்துணைச் சிறந்ததாயின், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளைச் சுற்றி அத்தகைய தோட்டங்கள் ஏன் வளரவில்லை? அவர்களும் உழவர் மரபினரே; மண்வெட்டி பிடிக்க அறியாதவர் அல்லர். இக்கேள்விக்கான விடை லயத்தின் அமைப்பில் இருக்கிறது.

பத்தும் பன்னிரண்டும் அறைகள் ஒரே கூரையின்கீழ் ஒட்டியிருக்க, ஓர் அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்தது லயம். தேயிலை நடத் தகுந்த நிலம் தேயிலைக்கு. குடியிருப்புக்கு எஞ்சியது, செங்குத்தான சரிவின் அடியும் ஓடைக்கரையும் பாறையோரமும். லயத்தின் நீண்ட தகரக் கூரையிலிருந்து விழும் மழைநீர் முற்றத்தைக் குடைந்து, பின்புறக் கானில் விழுந்து, கீழ்லயத்தின் மேற்புறத்தை அறுத்துச் சென்றது. லயத்தையொட்டிய துண்டு நிலத்தில் மரக்கறி பயிரிட நிர்வாகம் இணங்கிய இடங்களும் உண்டு. ஆனால் அது இணக்கமே தவிர உரிமையன்று. வேலை போனால் அறை போகும். அறையோடு தோட்டமும் போகும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்த நிலையின்மையை நாட்டளவுக்கு விரிவாக்கியது. எந்நாட்டவர் என்பதே தீர்க்கப்படாத மக்கள், எந்த மண்ணில் மரம் நடுவர்? பலா காய்க்கச் சில ஆண்டுகள் வேண்டும். அதன் வேர் சரிவைத் தைத்துப் பிடிக்க இன்னும் பல ஆண்டுகள் வேண்டும். போஞ்சியும் கோவாவும் மூன்று மாதத்தில் கைக்கு வரும். நாளை இங்கிருப்போமா என்று அறியாதவன் மூன்று மாதப் பயிரையே நடுவான். அப்பயிருக்காக மண்ணைக் கிளறுவான். அறுவடைக்குப்பின் மண் வெறுமையாகக் கிடக்கும். ஒக்டோபர் மழை அதனை அள்ளிச் செல்லும். இதில் அறியாமை எங்கே இருக்கிறது? நிலையற்ற உரிமைக்கு ஏற்ற பயிரைத் தேர்ந்த அறிவே இருக்கிறது. குற்றம் உரிமையை மறுத்த சட்டத்தினுடையது.

கிராமத்தின் பக்கமும் நிலைமை நன்றாயிருக்கவில்லை. மத்திய, ஊவா மாகாணக் கிராமங்களின் நிலமின்மையை ஆராய்ந்த கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை 1951இல் வெளிவந்தது. அவ்வாறு ஒரே சரிவில் இரண்டு நிலமற்ற மக்கள் கூட்டங்கள், ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கியபடி வாழ்ந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களைத் தனியாரிடமிருந்தும் வெளிநாட்டுக் கம்பெனிகளிடமிருந்தும் எடுத்து அரசிடம் சேர்த்தது. லயத்து மக்களின் கைக்கு நிலம் வரவில்லை. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. குத்தகைக் காலத்துக்குள் இலாபம் காணவேண்டிய நிறுவனத்துக்குக் கான் துப்புரவும் கற்கட்டும் செலவுக் கணக்கில் முதலில் வெட்டப்படும் இனங்களாயின. கான் வெட்டும் ஆள் குறைந்தான். கானில் மண் நிறைந்தது. தேங்கிய நீர் சரிவுக்குள் இறங்கியது.

5

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, எல்லவுக்குத் தென்மேற்கே, அதே தென்சரிவின் கொஸ்லாந்தைப் பகுதியில், மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. பன்னிரண்டு உடல்களே மீட்கப்பட்டன. மேலும் பலர் மண்ணோடு மண்ணாயினர். அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பதுளை மாவட்டத்தின் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கும் பணியும் 1990இலேயே தொடங்கப்பட்டிருந்தது. ஆகவே அறிவியல் தன் கடமையைச் செய்யவில்லை என்று கூறுதல் இயலாது. வெளியேறு என்று சொன்ன கடிதத்தில், எங்கே செல்வது என்பதற்கு விடை இருக்கவில்லை. சொந்தமாக ஓரடி நிலமும் இல்லாதவனுக்கு அபாய வரைபடத்தின் சிவப்பு வலயமும் வீடுதான்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் அழிவு மிகக் கொடுமையாயிருந்தது. அத்தகைய பெருமழையை எந்தக் கானும் எந்தத் தோட்டமும் முழுமையாகத் தடுத்திராது என்பது உண்மையே. ஆனால் அம்மழைக்கு முன் யார் எங்கே குடியிருத்தப்பட்டிருந்தனர் என்பதை மழை தீர்மானிக்கவில்லை.

6

இன்று தோட்டத்து மக்களுக்குத் தனி வீடும் அதனோடு ஏழு பேர்ச் நிலமும் என்ற திட்டம் சில இடங்களிலாவது நடைமுறைக்கு வந்துள்ளது. பத்துப் பேர்ச் வேண்டும் என்ற கோரிக்கையும் வலுப்பெற்றுள்ளது. பெருந்தொகையினர் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றனர் என்பதை ஒருகணமும் மறவாது, இப்புதிய நிலத்துண்டு எதற்கு உதவும் என்பதைச் சிந்திப்போம்.

ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். அதன்மீது 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் 17,700 லீற்றர்; நிறையில் ஏறக்குறைய 18 தொன். அதில் 550 சதுர அடிக் கூரை மட்டும் 5,100 லீற்றரைச் சேர்க்கிறது. ஒரே வரிசையில் இருபது வீடுகள் கட்டினால், கூரைகளிலிருந்து மட்டும் ஓர் இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீர் கீழே பாயும். மலையை வெட்டி மேடையாக்கி, வீட்டைக் கட்டி, கூரைநீரை அடுத்தவன் மேட்டுக்குத் தள்ளிவிட்டால், அன்றைய தோட்டக் கானின் கதையைச் சிறிய அளவில் நாமே மீண்டும் எழுதியவராவோம்.

மேற்கு நாடுகளில் இப்பொழுது மழைத்தோட்டம் என ஒன்று பேசப்படுகிறது. 1990ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் வீட்டு முற்றத்தில் ஆழமற்ற பள்ளம் அமைத்து, அதில் செடிகளை வளர்த்து, கூரைநீரை அங்கே விட்டு மண்ணில் ஊறச்செய்யும் முறை திட்டமாகச் செயற்படுத்தப்பட்டது. ஊவாக் கிராமத்து வாழைக்குழி அதனை நெடுங்காலமாகச் செய்துவந்தது என்று பெருமை பேசலாம். பெருமை பேசுவதினும், எது இங்கே பொருந்தும் எனப் பகுத்தறிவதே நமக்கு வேண்டுவது.

சமவெளியில் நீரை மண்ணுக்குள் இறக்குவது பெரும்பாலும் நன்மையே. நழுவும் இயல்புடைய சரிவில் அவ்வாறன்று. அங்கே உள்ளிறங்கும் நீர் மண்ணின் எடையைக் கூட்டுகிறது. மண்துகள்களுக்கிடையே அழுத்தத்தை ஏற்றி அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது. ஆகவே அபாய வலயத்தில் நீர்க்குழி வெட்டுதல் கேடு. அங்கே கூரைநீரைப் பீலியில் ஏந்தித் தொட்டியில் சேர்த்து, மிகுதியைக் கல் பதித்த கான்வழியே உறுதியான ஓடைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நிலத்தில் வெடிப்புத் தோன்றினால் களிமண்ணால் அடைக்க வேண்டும். உறுதியான மென்சரிவிலோ, குறுக்கே கல்வரம்பும் வெட்டிவேர் வேலியும் அமைத்து, வீட்டிலிருந்து தள்ளிக் கமுகும் கொய்யாவும் ஆனைக்கொய்யாவும் நட்டு, தரையைச் சருகாலும் புல்லாலும் மூடி, நீரை மெல்ல ஊறவிடலாம். வீட்டின் பின்னால் வெட்டிய மண்சுவரின் உச்சியில் பெருமரத்தை வளரவிடாமலும், அச்சுவரின் அடியைக் குடையாமலும் இருத்தல் வேண்டும். இடத்துக்கேற்ற இந்த வேறுபாட்டைக் கற்பிக்க நிலவியலாளர் வரவேண்டும். கடைப்பிடிக்க நிலம் சொந்தமாயிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையெனினும் மற்றது பயனற்றுப்போகும்.

எல்ல நகரில் இன்று வேறொரு காட்சியையும் காண்கிறோம். 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தையும் கணவாயின் எழிலையும் காண உலகின் பல திசைகளிலிருந்தும் பயணிகள் வருகின்றனர். அவர்களுக்காக விடுதிகள் சரிவு சரிவாக எழுகின்றன. வீட்டுத்தோட்டமாயிருந்த இடம் சீமெந்துத் தளமாகிறது. தளத்தின் நீர் தெருவில் விழுகிறது. தெருவின் நீர் கீழேயுள்ளவனின் வாசலுக்கு வருகிறது. பணம் படைத்தவன் நீரைத் தன் எல்லைக்கு அப்பால் தள்ளுவது 1840களில் துரைமார் தொடங்கிய வழக்கம். துரையின் நிறம் மாறியிருக்கிறது, வழக்கம் மாறவில்லை. அயலானிடம் தள்ளும் நீருக்குக் கட்டடம் எழுப்புவோனே பொறுப்பு என்பதை உள்ளூராட்சி மன்றங்கள் அனுமதிப் பத்திரத்திலேயே வற்புறுத்தினால் என்ன?

பள்ளிகளால் செய்யக்கூடிய பணியும் உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு விழிப்பு, 100 மில்லிமீற்றருக்கு ஆயத்தம், 150 மில்லிமீற்றருக்கு வெளியேற்றம் என்பன மண்சரிவு எச்சரிக்கைக்கு நம் நாட்டில் கைக்கொள்ளப்படும் அளவுகள். ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் ஒரு மழைமானி இருந்து, மாணவரே நாள்தோறும் அளந்து பலகையில் எழுதினால், புவியியற் பாடம் உயிர்காக்கும் பாடமாகும். புதிய ஊற்று திடீரெனத் தோன்றுதல், பழைய ஊற்று கலங்குதல் அல்லது மறைதல், மரம் சாய்தல், சுவரில் வெடிப்பு விடுதல் ஆகிய அறிகுறிகளை ஒவ்வொரு குழந்தையும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவோடு, தம் பாட்டனார் வெட்டிய கான் யாருடைய நிலத்தைக் காத்தது, யாருடைய நிலத்தை மூடியது என்ற வரலாற்றையும் அவர்கள் அறியட்டும்.

ஊவாவின் மலைச்சரிவில் தமிழ்த் தொழிலாளியும் சிங்கள உழவனும் ஒரே நீரின் மேற்கரையிலும் கீழ்க்கரையிலும் நிற்கின்றனர். மேலே உள்ளவனுக்கு மண்ணில் உரிமை இல்லாதவரை கீழே உள்ளவனின் வயலுக்குப் பாதுகாப்பு இல்லை. ஆகவே உறுதியான இடத்தில், உறுதிப்பத்திரத்தோடு, மரம் வளர்க்கப் போதிய நிலம் வேண்டும் என்னும் தோட்டத்து மக்களின் கோரிக்கை ஒரு சமூகத்தின் தனிக் கோரிக்கையன்று. கிரிந்தி ஓயாவின் கரையிலும் மகாவலியின் கரையிலும் வயல் வைத்திருக்கும் ஒவ்வோர் உழவனும் அதில் பங்காளி. அக்கோரிக்கையை இரு மொழிகளிலும் ஒருசேர எழுப்புவது எழுதுவோரும் கற்பிப்போரும் தள்ளிப்போடக் கூடாத கடமையாகும்.